ட்ரவுட்டுக்குக் கிடைத்த குடியுரிமை

நோட்டன் பிரிட்ஜ்ல மீன் பிடிக்க மூணு சாமான் போதும். ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி, ஒரு கொக்கி. புழுவுக்குக் காசில்லை, லயத்துக்குப் பின்னால வாழைக்கு அடியில தோண்டினால் வரும். ஞாயிற்றுக்கிழமை விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்தால் இப்படி ஐந்தாறு பொடியன்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கிடைப்பது பெரும்பாலும் திலாப்பியா. அதுவும் இந்த ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் இந்தக் கட்டுரை திலாப்பியாவைப் பற்றியது இல்லை. இதே தண்ணீரின் தலைமாட்டில், நமக்கு மேலே நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் இன்னொரு வெளிநாட்டு மீனைப் பற்றியது.

ஹோட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர். அந்தப் பக்கத்து மலைகளில் ஊறும் நீர் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, காசல்ரீயில் தேங்கி, நோட்டனுக்கு வந்து, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. நம்ம ஊரில் ஓடும் கெஹெல்கமு ஓயாவின் தாய்வீடு அந்த மலைகள்தான். அங்கே, ஏழாயிரம் அடிக்கு மேலே, புல்வெளிக்கு நடுவில் ஓடும் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் என்ற மீன் நூறு வருஷத்துக்கும் மேலாகக் குஞ்சு பொரித்து வாழ்கிறது. அதன் சொந்த ஊர் பசிபிக் கடலின் வடக்குக் கரைகள். நுவரெலியாவுக்கு அது தானாக நீந்தி வரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர்களுக்கு மீன் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்கினால்தான் மீதிக் கதை புரியும்.

நாம புழுவைக் கொக்கியில் கோர்த்து எறிகிறோம், எடை கொக்கிப் பக்கம் இருக்கிறது, நூல் அதன் பின்னால் போகிறது. ஆங்கிலேயரின் ஈத்தூண்டில் இதற்கு நேர் எதிர். கொக்கியின் மேல் இறகும் மயிரும் பட்டுநூலும் சுற்றி, தண்ணீரில் விழுந்த ஒரு பூச்சி மாதிரி செய்வார்கள். அதற்கு எடையே கிடையாது. அதனால் எடை நூலில்தான் இருக்க வேண்டும். நீளமான, வளையக்கூடிய தடியால் அந்த கனமான நூலை முன்னும் பின்னும் காற்றில் வீசி, கடைசியில் அந்த இறகுப் பூச்சியை மீனின் மூக்குக்கு முன்னால் மெல்ல இறக்கணும். மீன் ஏமாறணும். மீன் கிடைக்கிறதா என்பது இரண்டாவது விஷயம், எப்படிப் பிடித்தாய் என்பதுதான் முதல் விஷயம். 1886இல் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, இதற்கு ஏறக்குறைய ஒரு வேதமே உண்டாக்கிவிட்டார். அந்த வேதத்தின்படி புழு போட்டுப் பிடிப்பவன் கீழ்சாதி.

சாதி என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை. மீன்களுக்கும் அங்கே சாதி உண்டு. ஐரோப்பாவின் வடக்கில் கிரேலிங் என்று ஒரு மீன் இருக்கிறது. ட்ரவுட்டின் குடும்பம்தான், முதுகில் பாய்மரம் மாதிரி ஒரு பெரிய துடுப்பு, அழகான மீன். லாப்லாந்தில் மனித வாடையே இல்லாத ஆறுகளுக்கு நாள்கணக்கில் நடந்துபோய் இதைப் பிடிப்பதை ஒரு பாக்கியமாக நினைக்கிறார்கள். அதே கிரேலிங் தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில், ட்ரவுட்டின் தீனியைத் தின்கிறது என்பதற்காக, களை பிடுங்குவது மாதிரி வலை போட்டு அகற்றப்பட்டது. ஒரே மீன், ஒரு ஆற்றில் விருந்தாளி, இன்னொரு ஆற்றில் தொல்லை. எது எங்கே இருக்கலாம் என்பதை மீன் தீர்மானிப்பதில்லை, ஆற்றுக்குச் சொந்தக்காரன் தீர்மானிக்கிறான்.

இடையில் ஒரு தகவல். அந்த இறகுப் பூச்சிகளில் மிகவும் பெயர்பெற்ற பலவற்றில் கண் மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அந்தக் கோழி வாழ்வது இந்தியக் காடுகளில், முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். ஸ்காட்லாந்து ஆற்றில் சால்மன் மீனை ஏமாற்றுவதற்கு நீலகிரிப் பக்கத்துச் சேவல் செத்திருக்கிறது. இந்தியா பிற்காலத்தில் இந்த இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது.

சரி, இலங்கைக்கு வருவோம்.

நுவரெலியாவை ஒரு சின்ன இங்கிலாந்தாக மாற்றும் வேலை 1848இலேயே தொடங்கிவிட்டது. சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து மாடு, நாய், கொல்லன், பண்ணையாள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே குடியேறினார். வேட்டைநாய்களை விட்டு மரைகளைத் துரத்துவது அவருடைய பொழுதுபோக்கு. 1870களில் ஆளுநர் கிரகரி காலத்தில் ஏரி வந்தது, 1876இல் ஹில் கிளப் வந்தது. 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில், 5000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு போடப்பட்டது. மேலே காடு தப்பியது, ஓடை குளிராகவே இருந்தது. இல்லாத ஒன்று ட்ரவுட் மட்டும்தான்.

முட்டையைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் வித்தை ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1864இல் நோர்ஃபோக் என்ற கப்பலில், ஈரப்பாசியில் வைத்து, பனிக்கட்டிக்கு நடுவில் அடுக்கி, இங்கிலாந்தின் சால்மன், ட்ரவுட் முட்டைகளை டாஸ்மேனியாவுக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். குளிரில் கரு மெதுவாக வளரும், அதனால் மூன்று மாசப் பயணத்தையும் தாங்கும். மீன் முட்டைக்கு இவ்வளவு கவனம். அதே காலத்தில் ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து நம்ம ஆட்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இலங்கைக்கு முதலில் வந்தது பழுப்பு ட்ரவுட். 1882இல் எச். எல். ஹபர்ட் என்பவர் அதன் முட்டைகளை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டம் தோட்டமாகத் துரைமார் கடனில் மூழ்கினார்கள், 1884இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. பல இடங்களில் தொழிலாளருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை இன்னும் பெரிய பயிராகவில்லை. இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் மலை உச்சியில் மீன் முட்டை பொரிந்தது.

அப்போது ரயில் நாவலப்பிட்டி வரைக்கும்தான் ஓடியது. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். ஆக, அந்தப் பனிக்கட்டிச் சாமான் மேலே போயிருந்தால் ரோட்டு வழியாகத்தான் போயிருக்கணும். மலைநாட்டு ரோட்டில் துரைமாருடைய பெட்டியை மேலே கொண்டுபோனது வண்டிமாடும் கூலியாளும்தான். புத்தகங்களில் ஹபர்ட் இருக்கிறார். பெட்டிக்குக் கீழே இருந்த தலை யாருடையது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பழுப்பு ட்ரவுட் வளர்ந்தது, ஆனால் இங்கே சரியாகப் பெருகவில்லை. திரும்பத் திரும்ப முட்டை வரவழைக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். அது ஹோட்டன் சமவெளியில் தானாகவே இனம் பெருக்கத் தொடங்கியது. இலங்கை மீன்பிடிக் கழகம் என்று தோட்டத்துரைமார் ஒரு சங்கம் வைத்து ஓடைகளைக் கவனித்துக்கொண்டார்கள், குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள், அனுமதிச்சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டு உள்ளவர் பிடிக்கலாம், ஈயால் மட்டும் பிடிக்கணும், சின்ன மீனைத் திரும்ப விடணும். இந்த விதிகள் மீனுக்கு நல்லவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் பொது ஓடை ஒன்று ஒரு கிளப்பின் முற்றமாக மாறியது இப்படித்தான்.

சீட்டு என்றதும் எனக்கு இன்னொரு சீட்டு ஞாபகம் வந்தது. துண்டு. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா, அவர் பெயரில் இருக்கும் கடனை யாராவது கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு வேண்டும். அது இல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஓடிப்போன குற்றம், சிறைக்கே அனுப்பலாம். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஒரே மலையில், ஒரே காலத்தில், இரண்டு காகிதம். ஒன்றை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்கலாம். இன்னொன்று இல்லாதவர் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது.

நோட்டனுக்கு ஏன் ட்ரவுட் வரவில்லை என்று கேட்கலாம். காரணம் ரொம்பச் சாதாரணம், வெப்பம். தண்ணீர் 20 பாகைக்கு மேலே போனால் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும், சூடான நீரில் உயிர்வாயு குறைவு. நோட்டன் கிட்டத்தட்ட மூவாயிரம் அடியில் இருக்கிறது. அதனால் நம்ம ஆற்றில் துரைமாருக்கு மீன் ஆசை வரவில்லை. நம்ம ஆற்றைப் பார்த்து ஆசைப்பட்டது ஒரு பொறியியலாளர். டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஆய்வுரை வாசித்தார். இழுத்தடித்து, நிறுத்தி, கடைசியில் 1950இல்தான் நோட்டன் அணையும் லக்ஷபான மின்நிலையமும் இயங்கின. பிறகு காசல்ரீ, மவுஸ்ஸாகலை. வறட்சிக்கு மவுஸ்ஸாகலைத் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் வெளியே தெரியும், பார்க்கப் போயிருப்பீங்க. இந்த மின்சாரம் கொழும்புக்குப் போய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பக்கத்து லயங்களுக்கு வந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே விடுகிறேன்.

இப்போ 1948க்கு வருவோம். நான் இந்த மீனைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கே காரணம் ஒரு சொல். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, மனித உதவி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கும் உயிரினத்தை உயிரியலில் ‘நேச்சுரலைஸ்ட்’ என்பார்கள். ஹோட்டன் சமவெளி வானவில் ட்ரவுட்டுக்கு இந்தப் பட்டம் உண்டு. வெளிநாட்டில் பிறந்து பிறகு குடியுரிமை பெற்ற மனிதருக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மீனுக்கு அந்தப் பட்டம் கிடைக்க ஒரே நிபந்தனை, இங்கே குஞ்சு பொரித்து வாழணும். அவ்வளவுதான்.

நம்ம தாத்தாமாருக்கு நிபந்தனை வேறு. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவராக இருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும். அதை நிரூபிக்கணும். லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டம் இன்னொரு கதவு மாதிரி வந்தது. திருமணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்டணும். ஊர்த் திருவிழாவுக்கோ, அம்மாவின் சாவுக்கோ இந்தியாவுக்குப் போய்வந்திருந்தால் அதுவே பிரச்சினையாகும். பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். கணக்கு 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மீன்குஞ்சைக்கூட இப்படி எண்ணிப் பங்கு போட்டிருப்பார்களா தெரியாது.

இந்த இடத்தில் என்னை உட்காரவைத்த இன்னொரு விஷயம். நீலகிரியில் ட்ரவுட் வளர்க்க பிரான்சிஸ் டே 1860களிலேயே முயன்று தோற்றார். 1909–10இல்தான் சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் அதில் ஜெயித்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அவர் காலத்தில் வந்தது. ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டை வந்தது, கூடவே இலங்கையிலிருந்தும் வந்தது. அதாவது நம்ம மலையின் வானவில் ட்ரவுட்டின் பிள்ளைகள் கடல் தாண்டி நீலகிரிக்குப் போய்க் குடியேறின. அவற்றுக்கென்று குளிர்ந்த தண்ணீரும் காவலும் தயாராக இருந்தன.

அறுபது வருஷம் கழித்து அதே வழியில் மனிதர்கள் போனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. இன்றைக்கு டான்டீ என்று அழைக்கப்படும் நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் போனால் ஹட்டன் பேச்சு காதில் விழும். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரர் என்றார்கள். கிரேலிங் கதையை இங்கே கொண்டுவந்து பொருத்த நான் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும், ஏன்னா இந்த ஒப்புமையை எதிர்ப்பக்கமும் பிடித்துக்கொள்ளும். “ட்ரவுட் வெளியிலிருந்து வந்தது, கெடுதல் செய்கிறது. நீங்களும் வெளியிலிருந்து வந்தவங்கதானே?” இந்த மாதிரிப் பேச்சை நாம எல்லாரும் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருக்கிறோம். ட்ரவுட் கெடுதல் செய்வது உண்மைதான். அருவிகளைத் தாண்டிக் கீழிருந்து மீன்கள் ஏற முடியாத அந்த உயரத்து ஓடைகளில், பெரிய மீனுக்குப் பயப்படத் தேவையே இல்லாமல் வாழ்ந்த உயிர்கள் இருந்தன. கரிடினா சிங்கலென்சிஸ் என்ற ஒரு சின்ன இறால், உலகத்திலேயே ஹோட்டன் சமவெளியின் சில கிலோமீட்டர் நீள ஓடைகளில் மட்டும் இருக்கிறது. இப்போது அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று. ட்ரவுட் அதைத் தின்கிறது. இலங்கைக்கே உரிய தவளைகளின் வாற்பேத்தைகளுக்கும் அதே ஆபத்து. ஒரு விளையாட்டுக்காகக் கொண்டுவந்த மீனை இன்றைக்கு எடுக்கவும் முடியாது, விடவும் மனமில்லை.

மனிதர் மீனில்லை. இந்த ஒப்புமை அந்த இடத்தில் அறுந்துவிடணும். ட்ரவுட் ஓடையிலிருந்து எடுத்தது, நம்ம ஆட்கள் மலைக்குக் கொடுத்தார்கள். காட்டை வெட்டச் சொன்னவர் ஒருவர், வெட்டியவர் இன்னொருவர், லாபத்தை எடுத்தவர் மூன்றாமவர். ரோடு, ரயில்பாதை, சுரங்கம், அணை, தேயிலை எல்லாவற்றிலும் நம்ம கை இருக்கிறது. நான் மீனையும் மனிதரையும் பக்கத்தில் வைத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. இருவரையும் கொண்டுவந்தது ஒரே கூட்டம், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மலைக்கு. அந்தக் கூட்டம் மீனைப் பற்றி எழுதிவைத்த அளவுக்கு, எந்த ஓடையில் எத்தனை குஞ்சு விட்டோம், எத்தனை ராத்தல் மீன் பிடித்தோம் என்று குறித்துவைத்த அளவுக்கு, லயத்தில் பிறந்த பிள்ளைகளைக் குறித்துவைத்திருந்தால் 1949இல் காட்ட ஒரு காகிதம் இருந்திருக்கும்.

இந்தியாவுக்கும் போகாமல் இங்கேயும் பிரஜையாகாமல் நின்றவர்களின் விஷயம் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முழுதாகத் தீரவில்லை. 1948இலிருந்து எண்ணினால் 55 வருஷம்.

போன மாசம் ஹோட்டன் சமவெளிக்கு நண்பர்களோடு போனேன். எல்லாரும் உலக முடிவைப் பார்க்க ஓடினார்கள், நான் வழியில் பாலத்தில் நின்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் அசைந்தது, பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் அவன் அப்பாவிடம், “அப்பா, இது என்ன மீன்? பிடிக்கலாமா?” என்று கேட்டான். அவர், “இது வெள்ளைக்காரன் மீன்டா, தொடக்கூடாது” என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.